ஹார்லன் கடனை அடைத்த விதம்

"அடுத்த வியாழக்கிழமை காலைல பத்து மணிக்கு விசாரணைக்கு வீட்டுக்கே வர்றாங்களாம்," என்றாள் பெர்னடீன், மீன் பொரித்துக்கொண்டே. "உன்கிட்டயும் பேசணுமாம்."

ஹார்லன் கடித்த சோள ரொட்டியைத் திரும்பத் தட்டிலேயே வைத்தான். "என்கிட்ட எதுக்கு? வேலைக்குப் போகப்போறது நீதானே?"

"நீர்மூழ்கிக் கப்பலோட வரைபடமெல்லாம் என் மேசைக்கு வரப்போகுது. பாதுகாப்பு அனுமதின்னா சும்மாவா? புருஷன் பெண்டாட்டிக்குக் கடன் ஏதாச்சும் இருக்கான்னு குடைவாங்க. கடன்ல முங்கினவனைக் காசு காட்டி மடக்கிடலாம் பாரு, அந்த பயம்தான்."

நார்ஃபோக் கடற்படைக் கப்பல் தளத்தில் பதினோரு வருடம் எழுத்தராகவே இருந்தவளுக்கு முதல் முறையாக ஓர் உயர்வு வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அன்று மீனே கொஞ்சம் கருகிவிட்டது.

ஹார்லனிடமோ அப்படி ஒரு கடன் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அவன் உட்கார்ந்து குளிக்கும் சுடுதண்ணீர்த் தொட்டி ஒன்று வாங்கினான், இரண்டு பேர் பெயரிலும் இருந்த கடன் அட்டையில். மனைவியிடம் தீயணைப்பு நிலையக் குலுக்கலில் பரிசு விழுந்ததாகச் சொல்லி வைத்தான். முதல் நாளே நான்கு பேர் அதில் உட்கார, வீட்டின் பின்பக்க மரத்தளம் முறிந்து, தொட்டியும் நால்வரும் நேராகத் தக்காளிப் பாத்திக்குள் போய் இறங்கினார்கள். உடைந்த தொட்டிக்கு எதற்குப் பணம் என்று அவன் கட்டுவதை நிறுத்திவிட்டான். பாக்கி மூவாயிரத்து எண்ணூறு டாலர். வந்த நோட்டீஸையெல்லாம், தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் முதலுதவிப் பெட்டிக்குள் திணித்து வைத்திருந்தான்.

மறுநாள் தன்னோடு பந்துருட்டு ஆட்டம் ஆடும் நண்பன் லானியிடம் போய் நின்றான்.

"இதுக்குப் போயா மூஞ்சிய இப்படித் தூக்கி வெச்சிருக்க? உன் பிக்கப் வண்டிய அடகு வைடா. அரை மணி நேரத்துல பணம் கையில."

பணம் அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. தொட்டிக் கடன் முழுவதையும் கட்டிவிட்டு, ஹார்லன் இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினான். மூன்றாம் நாள் அடகுக்கடைக்காரர் போனில் கூப்பிட்டார்.

"இந்த வார வட்டி அறுநூறு டாலர் சார்."

"ஒரு வாரத்துக்கா!"

"பத்திரத்துல இருக்கே. எழுத்துதான் கொஞ்சம் பொடிசு."

திரும்ப லானியிடம் ஓடினான். லானி அறுநூறை எடுத்துக் கொடுத்தான். "பெர்னடீனோட முதல் புதுச் சம்பளம் வந்ததும் குடுத்துடணும். அவகிட்ட நானே கேட்டு வாங்கிக்கட்டுமா?"

"டேய், உன் கால்ல விழறேன், அவகிட்ட மூச்சு விட்டுடாத!"

விசாரிக்க வருபவர்கள் அக்கம்பக்கத்திலும் கேட்பார்களே என்ற நினைப்பு அதன்பிறகுதான் வந்தது. ஒரு பீச் பழப் பணியாரத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனான்.

"மிசஸ் ஃபிட்ச், யாராச்சும் வந்து கேட்டா, எங்களுக்குக் கடனே கிடையாதுன்னு சொல்லிடுங்க."

"அடப்பாவமே! உங்களுக்குக் கடன் இருக்குன்னே எனக்குத் தெரியாதேப்பா!"

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. புதன்கிழமை பெர்னடீன் வேலை முடிந்து வந்தபோது, வாசலில் ஐந்து பெரிய தட்டுகள், ஈயத்தாள் போர்த்திக்கொண்டு வரிசையாக இருந்தன. எல்லாம் கடனில் தவிக்கும் வீட்டுக்கென்று தேவாலயத்துப் பெண்கள் கொண்டுவந்து வைத்தவை.

"என்ன இது? யார் செத்தா?"

"எனக்கு முதுகு வலின்னு சொன்னேன்."

"முதுகு வலிக்கு அஞ்சு தட்டு மக்ரோனியா?"

"வலி கொஞ்சம் ஜாஸ்தி," என்றான் ஹார்லன். அதை நிரூபிக்க, அன்று படுக்கும்வரை கூனிக்கொண்டே நடந்தான். காலையில் நிஜமாகவே முதுகு பிடித்துக்கொண்டது.

வியாழக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு அந்தப் பெண் அதிகாரி வந்தார். பெயர் டட்டில். மெலிந்த உடம்பு, தடித்த கோப்பு. பெர்னடீன் காபி கலக்க அடுக்களைக்குள் போனாள். டட்டில் பேனாவைத் திறந்தார்.

"உங்க முழுப் பேரைச் சொல்லுங்க சார்."

"நான்தான்! எல்லாத்தையும் பண்ணினது நான்தான்!" என்று ஹார்லன் உடைந்துவிட்டான்.

தொட்டி, குலுக்கல் பொய், தக்காளிப் பாத்தி, முதலுதவிப் பெட்டி, அடகு வைத்த வண்டி, லானியின் அறுநூறு, மிசஸ் ஃபிட்ச், ஐந்து தட்டு மக்ரோனி என்று மூச்சு விடாமல் கொட்டினான். டட்டில் எழுதி எழுதிக் கையை உதறிக்கொண்டார்.

"அவளுக்கு இதுல ஒண்ணுமே தெரியாதும்மா. பதினோரு வருஷமா காத்திருந்தவ. வேணும்னா என்னை ஜெயில்ல போடுங்க, அந்த வேலைய மட்டும் அவகிட்டேருந்து பறிச்சிடாதீங்க."

அடுக்களை வாசலில், காபிக் கெட்டிலோடு பெர்னடீன் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை. கண் கலங்கி நிற்கிறாளா, கெட்டிலை எறியக் குறி பார்க்கிறாளா என்று ஹார்லனால் சொல்ல முடியவில்லை.

டட்டில் கோப்பின் முதல் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், தொட்டிக் கடனையும் அதைத் தவணையில கட்டப்போறதையும் உங்க மனைவி மார்ச் மாசமே படிவத்துல எழுதிக் குடுத்துட்டாங்க, நாங்களும் சரின்னுட்டோம், எங்களுக்குத் தெரியாத கடன், போன வாரம் நீங்க வாங்கினது மட்டும்தான்."