ஒரே முகவரியில் இரண்டு பிரிண்டர்

ஓய்வூதியப் பிரிவு எழுத்தர் அம்மாளுக்குக் கால் முறிந்தது. அதற்காக அரசுப் பணி நொண்டலாமா? வீட்டிலிருந்தே வேலை பார்க்க இயக்குநர் பெருந்தன்மையுடன் ஆணையிட்டார். வீட்டுக் கணினியிலிருந்து அலுவலகத்துக்குள் நுழைய வி.பி.என். என்றொரு சுரங்கப் பாதையும் போட்டுக் கொடுத்தார்கள்.

அம்மாள் முதல் ஓய்வூதிய உத்தரவை பிரிண்ட் கொடுத்தாள். அது இயக்குநர் அறையில் விழவேண்டும். விழுந்ததோ வீட்டுக் கூடத்து பிரிண்டரிலிருந்து, கணவர் மடியில். மறுபடி கொடுத்தாள். மறுபடியும் மடிதான்.

"ஏண்டி, ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் நானா பென்ஷன் தரணும்?" என்றார். ஆபீஸ் என்றாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தண்ணீர்க் குழாய் இணைப்புக்காக ஆபீஸ் ஆபீஸாகச் செருப்புத் தேய நடந்தவர்.

நெட்வொர்க் பொறியாளர் வந்து பார்த்தார். "மேடம், உங்க பிரிண்டருக்கும் ஆபீஸ் பிரிண்டருக்கும் நெட்வொர்க்ல ஒரே முகவரி, அதாவது ஒரே நம்பர். கூப்பிட்டா பக்கத்துல இருக்கறதுதானே முதல்ல ஓடிவரும்? வீட்டு ரவுட்டர்ல நம்பரை மாத்திட்டா முடிஞ்சுது."

மாற்றியிருப்பார். அதற்குள் அவர் ஆபீசுக்குப் போனில் சொன்ன 'முகவரி மாற்றம்' என்ற சொல் இயக்குநர் காதில் விழுந்து தொலைத்தது.

"பணியாளர் முகவரியை மாத்த நீ யாருய்யா? குடியிருப்புக்கு அத்தாட்சி இருக்கா?"

"சார், இது பிரிண்டரோட முகவரி..."

"அப்ப பிரிண்டர் குடியிருக்கறதுக்கு அத்தாட்சி கொண்டா!"

"இல்லேன்னா ஆபீஸ் நம்பரை மாத்திடலாமா சார்?"

"ஒரு வீட்டுக்காக சர்க்கார் இடம் பெயரணுமா?"

குழு கூடியது. ஓய்வு பெற்றவர்கள் வாசலில் காய்ந்துகொண்டிருக்க, குழு ஆழ்ந்து ஆராய்ந்தது. முகவரி ஒன்றென்றால் இடமும் ஒன்றே. ஆகவே அம்மாளின் வீடே அலுவலகம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. கையெழுத்திடும் அதிகாரமும் அம்மாளுக்கே வந்தது.

வாசலில் பலகை ஏறியது. கூடத்தில் மேசையும் மணியும் வந்தன. சமையலறைக் கதவில் 'அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது' என்று ஒட்டினார்கள்.

"இது குடித்தனம் பண்ற வீடா, இல்லையா?" என்று கணவர் கத்தினார். கத்திக் களைத்தவர், புதிதாக வந்த சுழல் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

அப்போது ஒரு பெரியவர் படியேறி வந்தார். அவருடைய உத்தரவு கையெழுத்தாகி மேசைமேல் தயாராகக் கிடந்தது.

"அதை எடுத்துக் குடுத்துடுங்களேன்," என்றாள் உள்ளிருந்து அம்மாள்.

கணவர் மணியை நகர்த்தி வைத்தார். தாளைப் பார்க்கவில்லை, பெரியவரையும் பார்க்கவில்லை. "சாப்பாட்டு நேரம். நாளைக்கு வாங்க."

அம்மாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "என்னங்க இது, அநியாயம்!"

"விடும்மா," என்றார் பெரியவர் குடையை விரித்துக்கொண்டே. "சார் முறையாத்தான் சொல்றார். என் சர்வீஸ் முழுக்க நானும் இதையேதான் சொன்னேன்."