முன்சீற்றுக்காகக் கடற்பருந்துகள் பொருத காதை

வாழிய முனாப்! கல்முனைக் கடைத்தெருவில் மெத்தை விற்றுப் பெரும்பெயர் ஈட்டிய வணிகர் ஏறே, ஊரார் துயில வழிசெய்து தான் துயிலாது கனாக் கண்ட தகையோய், மாதச் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடும் படையொன்றைக் கீழைக் கரையில் முதன்முதல் திரட்டிய கொற்றவ, நின் புகழ் பாடுதும்! வாழிய நின் படைத்தலைவன் ஸப்ரியும்! கத்தார் நாட்டு மாளிகை வாயிலில் காவல் நின்ற வேலையை, நின் ஒரு சொல்லை நம்பி உதறி வந்த நெடியோன் அவன். கதவுநிலைகளுக்கு அன்றி வேறெதற்கும் தலை வணங்காதவன்.

இவ்விருவரும் எழுப்பிய கல்முனைக் கடற்பருந்துகள் என்னும் அணி, நீலச் சீருடை பூண்டு, உப்புக்காற்றில் பந்து தட்டிப் பழகி, புதிதாய் முளைத்த ஒரு தனியார் லீக்கின் முதற்போருக்காகக் கண்டி நோக்கி வேனேறிற்று. முதல் ஆட்டத்துக்கு வந்து சேராத அணி லீக்கிலிருந்தே நீக்கப்படும் என்பது அங்கே விதி. ஆடுகிறவர்கள் போனால் போதாதா, நீங்கள் எதற்கு என்று முனாபின் துணைவி ஸுஹைறா வாசலில் நின்று கேட்டார். படையைத் தனியே அனுப்பிவிட்டு மெத்தைமேல் சாய்ந்திருப்பவன் வேந்தனல்லன் என்று கூறி முனாப் புறப்பட்டார்.

அந்தோ, அவ்வேனில் சாரதிக்கு அருகே இருந்தது ஒற்றை ஆசனம்! பின்வரிசையில் மடங்கியிருந்தால் ஸப்ரியின் முழங்கால்கள் மரத்துவிடும். மலைப்பாதையில் பின்னே இருந்தால் முனாபுக்கு வாந்தி வரும். ஆகவே சமவெளியில் ஸப்ரி, மலையில் முனாப் என்று, காரைதீவு தாண்டுமுன்னரே பயிற்சியாளர் நல்லரெத்தினம் உடன்படிக்கை செய்துவைத்தார்.

மஹியங்கனைக்கு அப்பால், அரவெனச் சுருண்டு விண்ணேறும் பதினெட்டு வளைவுகளின் அடிவாரத்தில் வேன் நின்றது. முனாப் இறங்கி வந்து முன்கதவைத் திறந்தார். ஸப்ரி அசைந்திலன். இன்று பாய வேண்டியவை தன் கால்களே, முதலாளியின் குடல் அன்று என்று எடுத்துரைத்தான். கால்கள் அவனுடையவை ஆயினும் அவன் கொடுத்த வாக்கு தம்முடையது என்று முனாப் முழங்கினார். சொற்கணைகள் தீர்ந்தபின் உடற்போர் மூண்டது. கரும்புத் தோட்டத்துள் புகும் களிறென, முனாப் தம் பேருடலை அவ்வொற்றை ஆசனத்தின் எஞ்சிய ஓரத்தில் செருகினார். நெடியோன் எழுந்திலன், பெரியோன் இறங்கிலன், இருவருக்குமிடையே நசுங்கி உயர்ந்த ஸப்ரியின் முழங்கால், கோட்டை மதிலெனக் கியர்த்தடியை மறைத்து நின்றது.

"ரெண்டு பேரும் இப்பிடி இருந்தா கியர் போடேலா" என்று சொல்லிச் சாரதி வேலப்போடி எஞ்சினை அணைத்தார்.

கதிரவன் உச்சி கடந்தான். நல்லரெத்தினம் கெஞ்சினார், கடிந்தார், கடைசியில் வீதியோரக் கல்லொன்றில் குந்தித் தலையைப் பிடித்துக்கொண்டார். வீரர்கள் தாரில் பந்து தட்டினர். மரக்கிளைகளில் குரங்குப்படை கூடிப் பார்த்தது. வேர்வை பெருகி ஒட்டவைத்த தோள்களோடு, இருவரும் ஆளுக்கொரு மலையை நோக்கியிருந்தனர். இறங்கிவிடு என்று இருவர் நெஞ்சமும் பலமுறை சொல்லிற்று; முதலில் இறங்குவது யார் என்பதே வழக்கு.

பயிற்சியாளரின் போன் ஒலித்தது. ஆட்டநேரம் கழிந்தது, வெற்றி எதிரணிக்கு, கடற்பருந்துகள் நீக்கப்பட்டாயிற்று என்று கண்டியிலிருந்து அறிவித்தார்கள். ஒரு பந்தும் எறியாமல் ஓர் அணி மாண்டது.

பின்பு முனாப் மெல்ல இறங்கினார்.

"தம்பி, நீங்க காலை நீட்டி இரிங்க" என்றார். "என்னை நம்பித்தானே வேலைய உட்டுட்டு வந்தீங்க."

ஸப்ரியும் இறங்கினான். அண்ணனென முறை சொல்லி அவரை முன்கதவின் பக்கம் திருப்பினான். "வேணாம் காக்கா. ஒங்கட மொகம் வெளுத்துப் பெய்த்து. நீங்க இரிங்க."

அந்தோ, முன்னதினும் கொடிதாய் மூண்டது இரண்டாம் போர்! இரிங்க என்று இவர் தள்ள, மாட்டேன் என்று அவன் திமிற, கதவு அதிர, குரங்குகள் கிளை மாற, ஈற்றில் இருவருமே பின்வரிசையில் ஏறி நெருங்கி அமர்ந்தனர். அரசனற்ற அரியணையென வெறிதாய்க் கிடந்த முன்னாசனத்தைச் சுமந்து வேன் கீழ்த்திசை திரும்பிற்று.

எல்லாருக்கும் பசித்ததால், அம்பாறையில் ஒரு கடையில் இறங்கிக் கொத்துரொட்டி சாப்பிட்டார்கள்.