உன் தகட்டில் ஏறி உட்கார்ந்த அமோனியா

ஆராய்ச்சிக்கார மருமகள் அம்மணிக்கு, அதே கட்டடத்தில் துடைப்பம் பிடிக்கும் தாய்மாமன் பணிவோடு எழுதுவது. இங்கு நான் நலம். நீ நலமாக இல்லை என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

மூணு நாளா என்னைக் கண்டா மாடிப்படியிலேயே திரும்பிப் போயிடுறே, போனும் எடுக்கறதில்லே. அன்னிக்குச் சாப்பிடும்போது நீ சொன்னது மறக்கலைம்மா. தகட்டு மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல், தோல் முழுக்கக் குட்டிக் குட்டி நாற்காலி, ஒவ்வொண்ணு நடுவிலும் ஓர் இரும்பு அணு, வர்ற வாயு அதுல ஒட்டி உட்காரும், எது எவ்வளவு இறுக்கமா உட்காருதுன்னு பாக்கத்தான் ஆறு மாசமா பெரிய மெஷினுக்குக் காத்திருக்கேன்னே. "உட்காந்து என்னம்மா பண்ணும்?"னு கேட்டேன். "உங்களை மாதிரி சும்மா உட்காந்திருக்கும் மாமா"ன்னே. சிரிச்சேன். உன் விருந்தாளி வர்றதுக்குள்ள நானே ஒரு கூட்டத்தை ஏத்தி உட்கார வைப்பேன்னு கண்டேனா?

உன் ஆய்வுக்கூட ஜன்னல் கண்ணாடியில விரல் தடம். துடைக்கிற அமோனியாத் தண்ணியை அடிச்சேன். பக்கத்துல உன் தகடு வெச்சிருந்த பெட்டி மூடி சரியா மூடலையாம். சின்ன வயசுலேருந்து நீ எந்த டப்பாவைத்தான் ஒழுங்கா மூடினே! ஆவி உள்ளே போய் எல்லா இரும்பையும் பிடிச்சுக்கிட்டு, உன் வாயுவுக்கு ஒரு இடம்கூட விடலை. சூடு காட்டி எழுப்பலாம்னா தோலும் சேந்து உரியுமாமே. "ஒரு மூடியை மூடத் தெரியாதா? இனி உனக்கு மெஷின் கிடையாது"ன்னு பேராசிரியர் கத்தினது வராந்தா துடைச்சிட்டிருந்த எனக்கும் கேட்டுச்சு. வாளியைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டேன். அதுதான் இப்ப உறுத்துது.

மாமனை மன்னிச்சிடு. நீ அழைத்த வாயு மட்டும் வந்து ஒட்டட்டும், அழைக்காதது தெருவோடு போகட்டும் என்று வாழ்த்துகிறேன். உன் அத்தையும் விசாரித்தாள்.

இப்படிக்கு,
மாமன்

பின்குறிப்பு: மூடியைப் பத்தி மேலே எழுதினது பொய். நீ இறுக்கித்தான் மூடியிருந்தே. நான்தான் திறந்தேன். நம்ம பொண்ணு கையால செஞ்சது எப்படி இருக்கும்னு பாக்க ஆசை. வெறும் தகடுதான் தெரிஞ்சுது. சரியாப் பாக்கலையோன்னு அந்த அமோனியா ஈரத்துணியும் கையுமா இன்னும் கிட்டக் குனிஞ்சேன். இதைப் பேராசிரியர்கிட்ட காட்ட உனக்கு மனசு வராது, தெரியும். அதனால இதையே இன்னொரு தாள்ல எழுதி, கையெழுத்தும் போட்டு, அவர் மேஜையில வெச்சுட்டு வந்துதான் இந்த உறையை ஒட்டுறேன்.