சிங்கப்பூரில் ஒரே கோபுரம்

பூவராகனுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாதாம். 2009-ஆம் வருஷம் காலாண்டு விடுமுறை முடிந்த கையோடு சிதம்பரம் மேலவீதியில் கிளம்பிய வதந்தி இது. கிளப்பியவர் ஜெராக்ஸ் கடை கொளஞ்சி. "ஊருக்கே நாந்தான் பாஸ்போர்ட்டு ஜெராக்ஸ் எடுக்கறேன். இவுரோடது இன்னி வரைக்கும் என் மெஷின்ல ஏறல" என்பது அவர் தரப்பு ஆதாரம்.

உண்மையா பொய்யா என்று பார்ப்பதற்கு முன்னால், பூவராகன் எந்த இனம் என்பதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். குறிசொல்லி, கோள்சொல்லி என்று இருப்பதைப் போல இது ஏரியாசொல்லி. நீங்கள் பாங்காக் போவதாக இருந்தாலும் சரி, பம்பாய் போவதாக இருந்தாலும் சரி, எந்த ஏரியாவுக்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது, எந்தத் தெருவில் எந்தப் பக்கம் நடந்தால் நிழல் என்பதை நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடக்கூடிய, சொல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காத ஜீவன். கேட்காமல் தப்பித்துவிடலாமே என்கிறீர்களா? முடியாது. அவர் உட்காரும் இடம் அப்படி. பாஸ்போர்ட்டை நகல் எடுக்க எல்லோரும் வந்துதான் ஆகவேண்டிய கொளஞ்சி கடை வாசலில், தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு, பிளாஸ்டிக் நாற்காலியில்.

"எந்தூரு?" என்பார். ஊர் பெயர் காதில் விழுந்ததும் கெட்டுப்போன ஜெராக்ஸ் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பென்சிலால் ஒரு சதுரம் வரைவார். எவ்வளவு பெரிய ஊராக இருந்தாலும் அவருக்குச் சிதம்பரம் மாதிரி நாலு வீதிதான். சிங்கப்பூர் என்றால், லிட்டில் இந்தியா மேலவீதி. சைனா டவுன் கீழவீதி. ஆர்ச்சர்ட் தெற்கு வீதி. சாமான் விலை ஜாஸ்தி, பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். வடக்கு வீதியில் ஒன்றும் இல்லை. எந்த ஊரிலும் அவருடைய வடக்கு வீதியில் ஒன்றும் இருக்காது.

அந்தச் சதுரத்தில் சிக்கியவர் குணசுந்தரி. கீரப்பாளையம் பள்ளியில் கணக்கு டீச்சர். காலாண்டு விடுமுறையில் சக ஆசிரியைகளோடு நாலு நாள் சிங்கப்பூர் போகிறார். முதல் விமானம், முதல் வெளிநாடு. அதைவிட முக்கியம், மூன்றாம் நாள் மதியம் அவரவர் இஷ்டத்துக்கு விட்டிருந்த அரை நாள். பி.எட். படித்தபோது ஒரே அறையில் இருந்த மேல்பட்டாம்பாக்கம் ஜெயராணி சிங்கப்பூரில்தான் இருக்கிறாள். பார்த்துப் பதினாறு வருஷம் ஆகிறது. "எங்க வரணும்னு சொல்லு, நா லீவு போட்டுட்டு வந்துர்றேன்" என்று போனில் சொல்லியிருந்தாள். எங்கே என்றுதான் குணசுந்தரிக்குத் தெரியவில்லை.

பூவராகனுக்குத் தெரிந்திருந்தது. சதுரத்துக்கு நடுவே ஒரு முக்கோணம் போட்டார்.

"கோபுரம்மா. பஸ்ல வர்றப்பவே தெரியும். கண்ணுல பட்டதும் எறங்கிடு. அதான் லிட்டில் இந்தியா."

"ஒரே கோபுரந்தானா மாமா? நம்மூருக்கே நாலு இருக்குதே?"

"அங்கல்லாம் எடம் சிக்கனம்."

பதில் பொருத்தமாகத்தான் இருந்தது. லிட்டில் இந்தியா, கோபுர வாசல், மூணு மணி என்று ஜெயராணிக்குத் தகவல் போயிற்று. அவள் கேட்டிருந்த சுண்டைக்காய் வத்தல் அரைக் கிலோ பெட்டிக்குள் போயிற்று.

மூன்றாம் நாள் சுற்றுலா பஸ் ஓட்டலுக்குத் திரும்பும் வழியில் கோபுரம் கண்ணில் பட்டது. குணசுந்தரி இறங்கினார். இது எந்த ஏரியா என்று வழிகாட்டியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வரைபடம் கையில் இருப்பவர்கள் வாயைத் திறப்பார்களா? தெரு முழுக்கச் சிவப்பு விளக்குக் குடுவைகள் தொங்கின. பலகைகளில் சீன எழுத்து. சீனர்கள் எங்கும் இருப்பார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு வத்தல் பையுடன் நின்றார். மூன்றே முக்காலுக்கு ஒரு கடையில் கெஞ்சி போன் போட்டார். அவரிடம் இருந்தது ஜெயராணியின் வீட்டு எண். வீட்டில் யார் எடுப்பார்கள்? ஜெயராணிதான் லிட்டில் இந்தியாவில், அங்குள்ள கோபுரத்தின் வாசலில், பிரியாணி டப்பாவோடு நின்றுகொண்டிருந்தாளே. இவர் நின்றது சைனா டவுன் கோபுரத்தில்.

ஆறு மணிக்கு பஸ் வந்து குணசுந்தரியை அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் விமானம். வத்தல் சிதம்பரத்துக்கே திரும்பியது.

கொளஞ்சி வதந்தியைக் கிளப்பியது இந்தக் கதை கேட்ட அன்றுதான். அதைச் சரிபார்க்க வேண்டியவர் குணசுந்தரியைத் தவிர வேறு யார்? ஒரு சாயங்காலம் நேரே நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார். பூவராகன் விவரமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, கோபுரத்தில் தப்பில்லை, நின்ற வாசல்தான் தப்பு என்று தீர்ப்புச் சொன்னார்.

"மாமா, நீங்க போயிருக்கீங்களா இல்லியா?"

கொளஞ்சி மெஷினை நிறுத்தினார். பூவராகன் சட்டைப் பையிலிருந்து, ஆமாம், சட்டைப் பையிலிருந்தே, பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். 2004 மார்ச், சிங்கப்பூர் முத்திரை. பதினோரு நாள். ஆக, வதந்தி பொய்.

"பதினோரு நாள்ல எங்கெங்க போனீங்க?"

அவர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "எம்மவன் அரவிந்தனும் மருமவளும் காலைல வேலைக்குப் போயிடுவாங்க. தனியாப் போனா தொலஞ்சிடுவேன்னு பயம் அவுங்களுக்கு. பன்னெண்டாவது மாடி. ஜன்னல்ல நின்னா ஒரு கோபுரம் தெரியும்."

ஒரே ஒரு கோபுரம்.

சண்டை போடத் தயாராக வந்த குணசுந்தரிக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. "எனக்கு அரை நாள் கடன் வச்சிருக்கீங்க மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

இத்தோடு ஏரியாசொல்லியின் கதை முடிந்தது என்று நீங்கள் நிம்மதி அடைய வேண்டாம். மே மாதம் பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறேன், என்னென்ன பார்க்கலாம் என்று ஜெயராணி கடிதம் எழுதினாள். குணசுந்தரி அன்று மாலையே உட்கார்ந்து நாலு பக்கம் பதில் எழுதினார். பிச்சாவரத்துக்குக் காலை ஆறு மணிக்கே போய்விடு, படகில் இடது பக்கம் உட்கார், வலது பக்கம் வெயில் அடிக்கும் என்று அடிக்கோடெல்லாம் போட்டு. பிச்சாவரம் அவர் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் படகில் கால் வைத்ததில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். போன மாதம் உங்கள் மச்சானிடம் பாங்காக்கில் எங்கே தங்கலாம் என்று சொன்னீர்களே, எந்த ஜன்னலில் நின்று பார்த்தது அது?

ஜெயராணி வரும் சேதி கொளஞ்சி கடைக்கும் போய்ச் சேர்ந்தது. பூவராகன் நாற்காலியை விட்டு எழுந்தே வந்து குணசுந்தரியை நிறுத்தினார். தோழியை வரச் சொல், அரை நாள் நானே கூட வந்து ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன், கடனை அதில் கழித்துக்கொள்ளலாம் என்றார்.

"எங்க வரச் சொல்றது மாமா?"

"கோபுர வாசலுக்கு வந்துடச் சொல்லு."

நாலில் எது என்று அவரும் சொல்லவில்லை, குணசுந்தரியும் கேட்கவில்லை. அரை நாள் அப்படியே பாக்கி நிற்கிறது.