எட்டாவது பேனா

"லேமினேஷன் பண்ணணும்னா எழுதின தாளைக் கொண்டு வரணும் சார்," என்றார் கடைக்காரர். "இது வெறும் தாளு."

பள்ளிக் குமாஸ்தா வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் வெள்ளை. ஓய்வு பெறும் தலைமையாசிரியைக்காக நேற்று மூன்று மணி நேரம் முதுகு ஒடிய உட்கார்ந்து எழுதிய பிரிவுபசார மடல். இருபத்திரண்டு வரியில் ஒரு வரிகூட இல்லை.

"காலையில இருந்துதுங்க. நானே படிச்சேன்."

"எந்தப் பேனாவுல எழுதுனீங்க?"

குமாஸ்தாவுக்குப் பேனா என்றால் உயிர். விலை உயர்ந்ததெல்லாம் வேண்டாம். கடைகளில் அட்டையோடு தொங்குகிற சாதாரணப் பேனாக்கள் போதும். எது கண்ணில் பட்டாலும் எழுதிப் பார்த்தாக வேண்டும். தபால்காரர் காதில் செருகியிருப்பதைக்கூட வாங்கி உள்ளங்கையில் கிறுக்கிவிட்டுத்தான் கொடுப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஏழு இருக்கும்.

இந்த நீலப் பேனா எட்டாவது. ஒரு வாரமாகத்தான் இருக்கிறது. ஏழு பேனா வைத்திருப்பவருக்கு எட்டாவதன் பூர்வீகம் எங்கே நினைவிருக்கப் போகிறது? வழுக்கிக்கொண்டு எழுதியது. முனையில் இருந்த ரப்பரால் தேய்த்தால் பிழையும் அழிந்தது. கையில் இருந்தது ஒரே ஒரு கெட்டித் தாள் என்பதால் இதையே எடுத்தார்.

கடைக்காரர் பேனாவை உருட்டிப் பார்த்தார். "இந்த மை சூடு பட்டா மறைஞ்சிடும் சார். தாளை எதுல கொண்டு வந்தீங்க?"

"எங்க பியூனோட ஸ்கூட்டர்ல. சீட்டுக்கு அடியில வச்சு."

"சரியாப் போச்சு. அதுக்குக் கீழதானே இன்ஜின் இருக்கு? ஃப்ரீசர்ல வச்சுப் பாருங்க, திரும்பி வரும்னு சொல்றாங்க."

மணி இரண்டு. நாலு மணிக்கு விழா. பதினோரு வருடமாகக் குமாஸ்தா தற்காலிகம்தான். பணி நிரந்தரத்துக்கான ஃபைல் மூன்று வருடமாக மேலிடத்துக்குப் போவதும், 'தலைமையாசிரியை கையெழுத்து இல்லை' என்று திரும்பி வருவதுமாக இருந்தது. கேட்டால், "போட்டேனே" என்பார் அந்த அம்மாள், ஒன்றும் தெரியாதவர் போல. கடைசி நாளான இன்று கட்டாயம் போடுவதாகச் சொல்லியிருந்தார். இதுவும் தவறினால் புது ஆளிடம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினார். பள்ளியின் ஆய்வுக்கூடத்து ஃப்ரீசரில் அதை ஒரு மணி நேரம் வைத்து எடுத்தபோது எழுத்து வந்திருந்தது. குமாஸ்தாவுக்குப் போன உயிரும் வந்தது. அப்புறம்தான் கவனித்தார். எழுத்து அளவுக்கு மேல் வந்திருந்தது.

எந்தத் தாளில் எழுதப் போகிறோமோ அந்தத் தாளிலேயே பேனாவைச் சோதிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சோதிக்கும்போது சிலர் பெயர் எழுதுவார்கள், சிலர் சுழி போடுவார்கள். இவர் மனதில் இருப்பதை எழுதுவார். எழுதியதை ரப்பரால் சுத்தமாக அழித்த பிறகுதான் மடலையே தொடங்கினார். இப்போது 'அன்பின் திருவுருவே' என்ற வரிக்குக் கீழே, 'போட்டேன் போட்டேன் என்று புளுகும் அம்மாவே' என்று பளிச்சென்று இருந்தது. இன்னும் கீழே, 'தாங்கள் பிரியும் இந்த நாளை எண்ணி மனம் கலங்குகிறோம்' என்பதன் அடியில், 'எப்படியெல்லாம் கொண்டாடலாம்' என்று ஒரு வரி.

அப்போது பியூன் டீ கொண்டுவந்து வைத்தார். குமாஸ்தா சுடச்சுட அந்தக் கிளாஸை எடுத்துப் புளுகின் மேல் வைக்கப் போனார். அவசரத்தில் கிளாஸ் மேல் வரியில் இறங்கி அன்பின் திருவுருவைத் துடைத்தது. பதறித் தூக்கிக் கீழே வைத்தார். 'எண்ணி மனம் கலங்குகிறோம்' போயிற்று. அதற்குள் கிளாஸ் ஆறிவிட்டது.

மிச்சத்தைப் படித்தார். 'போட்டேன் போட்டேன் என்று புளுகும் அம்மாவே, தாங்கள் பிரியும் இந்த நாளை எப்படியெல்லாம் கொண்டாடலாம்.'

"மடல் ரெடியா?"

வாசலில் தலைமையாசிரியை, கையில் ஃபைலோடு. குமாஸ்தா மறைப்பதற்குள் தாளை எடுத்துக்கொண்டார். நிதானமாகக் கடைசி வரி வரை படித்தார்.

"நான் புளுகறேனா?"

"மேடம், அது பேனா எழுதுதான்னு பார்க்க..."

"நல்லாவே எழுதுது." குரல் உயரவில்லை. "மூணு தடவையும் போட்டேங்க. சத்தியமாப் போட்டேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. இப்போதே ஃபைலைக் கிழித்துப் போட்டால்கூடக் குமாஸ்தாவால் ஏன் என்று கேட்க முடியாது.

தலைமையாசிரியை ஃபைலை மேஜைமேல் விரித்தார். "என் பேனாவை ஒரு வாரமாக் காணோம். உங்க பையிலதான் ஒரு கடையே இருக்கே. ஒண்ணு குடுங்க."

குமாஸ்தா ஏழிலும் மட்டமான பால்பாயிண்ட் ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தார். அவர் அழுத்திக் கையெழுத்துப் போட்டார். தாளைத் திருப்பிக் காட்டினார்.

"பார்த்துக்குங்க. இனியும் போடலைன்னு சொல்லாதீங்க."

மடலை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு விழாவுக்குப் போனார். குமாஸ்தா அந்த நீலப் பேனாவைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் எறிந்துவிட்டு நாற்காலியில் சரிந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும், இத்தனை நாள் போடாமல் இழுத்தடித்தவர் கடைசியில் போட்டுவிட்டாரே என்று ஒரு நிம்மதி.

பியூன் ஸ்கூட்டர் சாவியோடு வந்து ஃபைலை எடுத்தார்.

"வழக்கம்போல சீட்டுக்கு அடியில வச்சுக் கொண்டு போய்க் குடுத்துடறேன் சார்." கிளம்பியவர் மேஜையைப் பார்த்து நின்றார். "அட, மேடத்தோட நீலப் பேனா இங்கயா கிடக்கு? மூணு வருஷமா உங்க ஃபைல்ல அவங்க கையெழுத்துப் போட்டது இதுலதானே சார்."