நண்டு தெரிவு செய்த கதை

மடத்துவெளிக்குக் காலையில் வரும் பஸ் முன்பெல்லாம் காற்றைத்தான் ஏற்றி வரும். இப்போது ஆட்கள் படியில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். காரணம் ஒரு நண்டு.

சாதாரண நண்டு அல்ல, தெய்வ நண்டு. காலி நகரில் வைத்திருந்த கடை படுத்துப்போய் ஊர் திரும்பிய பரராசசிங்கத்தின் கனவில் வந்து, "என்னைத் தாம்பாளத்தில் வை" என்று கேட்ட நண்டு. கனவுக்குச் சாட்சி பரராசசிங்கம் ஒருவர்தான். சனத்துக்கு அது போதும். அவர் நண்டுச்சாமி ஆனார். எந்த மாப்பிள்ளை, வெளிநாட்டுக்கு அனுப்ப எந்த ஏஜென்சி, எந்தக் காணி என்று துண்டுகளில் எழுதிச் சுருட்டிக் கொடுத்தால், சாமி ஆசீர்வதித்துத் தாம்பாளத்தில் வைப்பார். நண்டு நடந்து போய் ஒன்றைக் கவ்வும். கனடாவிலிருந்து வீடியோ கோலில் வருகிறவர்களுக்குத் தனி வரிசை. நண்டுக்கு நேர வித்தியாசம் கிடையாது.

சுருவில் ஊர்த் துஷாந்தியின் பிரச்சினை மாப்பிள்ளையோ காணியோ அல்ல, கதை. கூட்டுறவுக் கடையில் எழுதுவினைஞர் வேலை, மிச்ச நேரமெல்லாம் கதை. லண்டனில் ஒரு தமிழ்ச் சங்கம் ஆண்டுதோறும் போட்டி வைக்கிறது. ஒருவருக்கு ஒரு கதைதான். துஷாந்தியின் கொப்பியிலோ பதினான்கு. வாக்குச்சாவடிக்குள் புகுந்த நெடுந்தீவுக் குதிரை. நயினாதீவுக்குப் போகும் வழியில் இயந்திரம் நின்ற படகில், பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்கள். செத்த புருசனின் நம்பருக்குத் தினமும் குரல் அனுப்பும் பெண். சாத்திரக்காரனை நம்பிக் காணியை இழந்தவள். திங்கட்கிழமை குதிரையைத் தொடங்குவாள். செவ்வாய் படகு கூப்பிடும். புதன் இரண்டையும் கிழிப்பாள். இப்படியே இரண்டு வருசம் ஒன்றும் அனுப்பாமல் முடிவுத் திகதி போய்விட்டது. இந்த முறை ஆறு நாள்தான் மிச்சம்.

"நீர் ஏன் மண்டையை உடைக்கிறீர்? என்ர மகனுக்கு ஏஜென்சியே நண்டுதான் எடுத்துத் தந்தது. வாரும்," என்றாள் பக்கத்து வீட்டு நாகபூசணி.

"அக்கா, நண்டுக்கு வாசிக்கத் தெரியுமோ?"

"தெய்வத்துக்குத் தெரியாத எழுத்தோ பிள்ளை?"

துஷாந்திக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் யாராவது, எதுவாவது, தனக்காக முடிவெடுத்துத் தந்தால் போதும் என்றிருந்தது. நம்பாதவர்களும் வரிசையில் வந்து நிற்பது இப்படித்தான்.

மடத்துவெளியில் சாமி, அவள் துண்டுகளில் எழுதிக் கொண்டுவந்த பதினான்கையும் வாசிக்கச் சொன்னார். சாத்திரக்காரன் கதை வந்தபோது ஒருமுறை செருமினார்.

"எல்லாம் நல்லம். ஆனால் ஒண்டு குறையுது," என்று சொல்லிப் பதினைந்தாவது துண்டைத் தானே எழுதினார்: நண்டுச்சாமியின் மகிமை. "இதை நான் எழுதேல்லை. நண்டு எழுதுவிக்குது."

நண்டு யோசிக்கவேயில்லை. நேரே பதினைந்தாவதைக் கவ்வியது. கூட்டம் தலைக்கு மேல் கை கூப்பியது. லண்டன்வரை நண்டின் பெயர் போகப் போகிறதென்று நாகபூசணி கண்ணைத் துடைத்தாள்.

துஷாந்தி வெளியே வந்து பஸ் தரிப்பில் குந்தினாள். பதினான்கு கதையும் செத்துவிட்டதுபோல் இருந்தது. பக்கத்தில் ஓலைக் கடகத்தில் நண்டு விற்றுக்கொண்டிருந்தாள் சூசையம்மா. நெடுந்தீவில் பிறந்தவள், நண்டுக்கூடு கட்டியே பிள்ளைகளை வளர்த்தவள்.

"என்ன பிள்ளை, முகம் செத்துப்போய்க் கிடக்கு?"

துஷாந்தி சொன்னாள். சூசையம்மா சிரிக்கவில்லை.

"சாமியின்ர மதிலுக்கு மேலாலை ஒவ்வொரு நாளும் பாக்கிறனான். எல்லாச் சுருளையும் வலக்கையாலை தொடுவார். ஒண்டை மட்டும் இடக்கையாலை. அந்தக் கையை முதல்லை தீர்த்தச் செம்புக்குள்ளை விடுவார். அதுக்குள்ளை கிடக்கிறது கூனி இறால் அவிச்ச தண்ணி. மணம் எனக்கு இஞ்சை வரைக்கும் வருது. பட்டினி போட்ட நண்டு வேறை எங்கை போகும்?"

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"ஆர் கேட்டவை?"

துஷாந்தி கைப்பையைத் துழாவி, காலையில் எடுத்த பஸ் ரிக்கற்றை நீட்டினாள். சூசையம்மா அதை, காலையில் நண்டுக்கூட்டுக்கு இரை வைத்த விரல்களால் நன்றாகத் தேய்த்துச் சுருட்டிக் கொடுத்தாள்.

துஷாந்தி உள்ளே போனாள். "சாமி, ஒருக்கால் திரும்பப் பாப்பம். இந்த முறை சுருளை நானே வைக்கிறன். நீங்கள் தொடவேண்டாம்."

"தெய்வத்தைச் சோதிக்க ஏலாது," என்றார் சாமி.

அவரைக் கவிழ்த்தது பகுத்தறிவு அல்ல, பக்தி. நாகபூசணி எழும்பினாள். "சாமி, எங்கட நண்டுக்கு என்ன பயம்? ஆயிரம் தரம் கேட்டாலும் அதைத்தான் எடுக்கும். விடுங்கோ." கூட்டமும் ஓம் ஓம் என்றது. சாமிக்கு மறுக்க வழியில்லை.

துஷாந்தி பதினைந்து கதைச் சுருளையும் புதிதாக எழுதி வைத்தாள். பதினாறாவதாக ரிக்கற். நண்டு குதிரையைக் கடந்தது, படகைக் கடந்தது, தன் மகிமையையே மிதித்துக் கடந்தது. ரிக்கற்றை இரண்டு கொடுக்காலும் பிடித்துத் தின்னத் தொடங்கியது.

துஷாந்தி மிச்சத்தைப் பிடுங்கி விரித்துக் காட்டினாள். செம்பையும் எடுத்து முன்வரிசையில் கொடுத்தாள். அது கை மாறிப் போனது. மணந்து பார்த்தவர்கள் எல்லாரும் தீவு ஆட்கள். ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

"நண்டுக்கு இண்டைக்குச் சுகமில்லை," என்றார் பரராசசிங்கம்.

நாகபூசணி செம்பைக் கீழே வைக்காமல் நின்றாள். "அப்ப என்ர மகன்ர ஏஜென்சி?" என்று மெல்லக் கேட்டாள். ஏஜென்சிக்காரனும் பரராசசிங்கமும் பங்காளிகள் என்பது பொலிஸ் வந்த பிறகுதான் தெரிந்தது. நல்லகாலம், மகன் இன்னும் விமானம் ஏறவில்லை.

துஷாந்தி வீட்டுக்கு வந்து பதினான்கையும் ஆறுதலாக வாசித்தாள். பதின்மூன்று கதைகளின் முடிவு அவளுக்கு ஏற்கெனவே தெரியும். படகில் இருக்கும் அந்த இரண்டு குடும்பமும் கரை சேரும்போது பேசிக்கொள்ளுமா என்பது மட்டும் தெரியவில்லை. அதை அறிய ஆசையாக இருந்தது. நாலு நாளில் எழுதி அனுப்பினாள்.

அவள் கதை அனுப்பிய செய்தி கேட்டு, முன்பு மடத்துவெளியில் வரிசையில் நின்ற பெண்ணொருத்தி கூட்டுறவுக் கடைக்கே வந்துவிட்டாள்.

"நண்டு இல்லாமல் என்னெண்டு பிள்ளை கதையைத் தெரிஞ்செடுத்தனீர்?"

"யோசிச்சனான்."

"எங்கை போய் யோசிச்சனீர்? அங்கை நம்பர் எடுக்கோணுமோ?"

தேவையில்லை. அந்த இடத்தில் வரிசையே கிடையாது. எப்போது போனாலும் நீங்கள்தான் முதல் ஆள்.