பத்துக்குப் பத்து

"இது அது இல்லை!"

மணிக்கட்டை முகர்ந்துகொண்டே மூக்கண்ணா போட்ட கூச்சலில் மனைவி கையில் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"எது எது இல்லை?"

"என் சென்ட்டு! நேத்து வாங்கும்போதே கடைக்காரர் சொன்னாரு, 'பாட்டில் அதேதான் சார், உள்ளதான் ஏதோ மாத்திட்டாங்களாம்'னு. மோந்து பாரு, உயிரே இல்ல!"

அவர் மூக்கு சரியென்று சொன்னால்தான் சோப்புத் தொழிற்சாலையிலிருந்து ஒரு கட்டி சோப்பு வெளியே போகும். அதனால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் மூக்கண்ணா. வருஷத்துக்குச் சில நூறு பாட்டில் மட்டும் செய்யும் ஒரு குட்டிக் கம்பெனியின் சென்ட்டைத்தான் இருபது வருஷமாகப் போட்டுவருகிறார். பழைய சரக்கில் கடைசியாக ஒரு பாட்டிலைப் பிரிக்காமல் அலமாரியின் பின்வரிசையில் பதுக்கியிருந்தார். நேற்று வாங்கிய புதுசை அதற்கு முன்னால் வைத்திருந்தார்.

இப்போது பின்னால் இருந்ததையும் எடுத்துப் பிரித்து முகர்ந்தார். கண் கலங்கிவிட்டது.

"இதான்! இதான் அசல்!"

"அடியில தேதி இருக்குமே. கண்ணாடியப் போட்டுப் பாத்துடுங்களேன்."

"தேதி பாத்து வாசனை சொல்றதுக்கு எனக்கு மூக்கு எதுக்குடி?"

இந்த ரகளை எதுவும் மச்சினன் காதில் விழவில்லை. மருந்துக் கிடங்கில் வேலை பார்ப்பவன். மாற்றலாகி நேற்று சாயங்காலம்தான் பெட்டியோடு வந்திறங்கினான். வீட்டிலிருந்த காலாவதியான இருமல் மருந்தைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தான்.

மூக்கண்ணா கம்பெனிக்குக் காரசாரமாக ஒரு கடிதம் போட்டார். பதில் வந்தது: 'ஒரே ஒரு மூலப்பொருளைத்தான் மாற்றினோம். வித்தியாசத்தை எந்த மனித மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது.'

"என் மூக்கையா சொல்றான்?"

அடுத்த கடிதத்துக்கு ஒரு கனம் வேண்டுமென்று தொழிற்சாலையின் பெயர் அச்சடித்த தாளில் எழுதினார். அதற்கு வந்த பதில் நேராகத் தொழிற்சாலை மேனேஜர் மேஜைக்குப் போய்விட்டது.

"தாள் நம்முது, மானமும் நம்முது," என்றார் மேனேஜர். "நாளைக்கு அந்த சென்ட்டுக் கம்பெனி அம்மா உங்க மூக்கைச் சோதிக்க நேர்ல வர்றாங்களாம். நீங்க தோத்தா, மறுநாள்லேருந்து உங்களுக்கு பேக்கிங்ல வேலை. உங்க மூக்கை நம்பி நான் எப்படிச் சரக்கு அனுப்புறது?"

"ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடுங்களேன்," என்று கெஞ்சினாள் மனைவி.

"மூக்கை அறுத்தாலும் கேட்க மாட்டேன்!" என்றார். வாய்தான் சொன்னது. ராத்திரி முழுக்க இரண்டு பாட்டிலையும் மாற்றி மாற்றி முகர்ந்துகொண்டிருந்தார்.

கம்பெனி அம்மாள் இரண்டு பாட்டில்களோடு வந்தார்.

"உங்க பாட்டிலை எப்படிம்மா நம்புறது? இந்தாங்க, என்னுது," என்று தன் இரண்டு பாட்டில்களையும் எடுத்து வைத்தார் மூக்கண்ணா.

இரண்டின் அடியிலும் 'பழசு', 'புதுசு' என்று தன் கையாலேயே எழுதி அழுத்தி ஒட்டியிருந்தார். அந்தம்மாள் தடுப்புக்குப் பின்னால் போய்க் காகிதத் துண்டுகளை நனைத்து, ஒவ்வொன்றாக நீட்டினார்.

"பழசு... புதுசு... புதுசு... பழசு..."

பத்தாவது துண்டில் மூக்கண்ணா கொஞ்சம் தயங்கினார். மேனேஜர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"புதுசு. சந்தேகமே இல்ல."

அந்தம்மாள் தன் குறிப்பைப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது. "பத்துக்குப் பத்து."

"முடியாதுன்னீங்களே!" மூக்கண்ணா எழுந்தே விட்டார். "என் ஆயுசுக்கும் அந்தப் புதுசை இனிமே நீங்க செய்யக் கூடாது. எழுதிக் கையெழுத்துப் போடுங்க!"

"மன்னிச்சிடுங்க சார். இன்னையோட நிறுத்திடறோம். கடையில இருக்கிறதையும் திருப்பி வாங்கிக் கொட்டிடறோம். இனிமே பழைய முறைதான்."

எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். மேனேஜர் மூக்கண்ணாவைக் கட்டிக்கொண்டார்.

மார்பை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்பியவர், அந்தத் தாளை மனைவி கையில் திணித்துவிட்டு, 'பழசு' பாட்டிலிலிருந்து இரண்டு கைக்கும் தாராளமாக அடித்துக்கொண்டார்.

மேஜையில் கிடந்த பாட்டில்களை மச்சினன் எடுத்தான். தேதியை மறைத்துச் சீட்டு ஒட்டுவது அவன் கிடங்கில் பெரிய குற்றம். முணுமுணுத்துக்கொண்டே இரண்டையும் உரித்து அடியைப் பார்த்தான்.

"என்ன மாமா, சீட்டை மாத்தி ஒட்டியிருக்கீங்க? பழசு முதல்ல தீரட்டும்னு அலமாரியில பழசை முன்னாடியும் புதுசைப் பின்னாடியும் வந்த அன்னைக்கே நான் மாத்தி வச்சுட்டேனே, அக்கா சொல்லலையா?"